ஒகினாவாவின் வடகோடியில் ஒரு கடை

ஒகினாவாத் தீவின் வடமுனையில், மலைக்காடு இறங்கி வந்து கடலைத் தொடும் இடத்தில், ஒக்கு என்றொரு சிற்றூர் இருக்கிறது. குடியிருப்பவர்கள் இருநூறு பேருக்கும் குறைவு. அந்த ஊர் தனக்கென ஒரு மளிகைக் கடையைத் தொடங்கியது 1906-ல். அதற்குத் தனி முதலாளி கிடையாது. ஊரில் வாழ்கிற அத்தனை பேரும் பங்குதாரர்கள். லாபம் வந்தாலும் ஊருக்கு, நட்டம் வந்தாலும் ஊருக்கு. கடையை யார் கவனித்துக்கொள்வது என்பதை ஊர்தான் தீர்மானிக்கும்.

ஒரு தெருவில் பழைய கடை மூடினால் அங்கிருப்பவர்கள் நாலு நாள் வருத்தப்படுவார்கள். புதுக்கடை வந்தால் எட்டிப் பார்ப்பார்கள். அதற்கு மேல் அவர்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, ஏனென்றால் கடை அவர்களுடையது அல்ல. கடையே ஊருடையதாக இருந்தால் மாற்றத்தை அந்த ஊர் எப்படி எதிர்கொள்ளும்? ஜப்பானுக்குப் போகிறவர்கள் கியோத்தோவின் கோயில்களையும் ஃபூஜி மலையையும் பார்க்க ஆசைப்படுவார்கள். எனக்கோ வருஷக்கணக்காக ஒக்குவின் கடைக்குள் போய் நிற்க வேண்டும் என்றுதான் ஆசை.

ஒகினாவாவின் தலைநகர் நாஹாவில் விமானம் இறங்கியது. வடக்கே போவதற்கு முன் மகிஷி பொதுச் சந்தையைப் பார்த்தேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் முளைத்த கள்ளச்சந்தையிலிருந்து வளர்ந்த இடம் இது. நீலமும் பச்சையுமாய் மின்னும் கிளிமீன்கள், பன்றியின் முகத்தோல், கடல்திராட்சை என்று அவர்கள் சொல்லும் பச்சை மணிப்பாசி. கீழே மீன் வாங்கி, மேல்தளத்துச் சாப்பாட்டுக் கடையில் கொடுத்தால் சமைத்துத் தருவார்கள். பழைய கட்டடத்தை 2019 ஜூனில் மூடினார்கள். வியாபாரிகள் நாலு வருஷத்துக்குச் சற்றுக் குறைவாக அருகிலேயே ஒரு தற்காலிக இடத்தில் கடை போட்டார்கள். நடுவில் கொரோனா வேறு. 2023 மார்ச்சில் அதே பழைய இடத்தில் புதுக் கட்டடம் திறந்தது. விளக்கு வெளிச்சம், அகலமான வழி, குளிர்ந்த காற்று, எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் நான் பார்த்த நேரத்தில் வாங்க நின்றவர்களில் பெரும்பாலோர் என்னைப் போன்ற வெளியூர்க்காரர்கள். ஊறுகாய் விற்கும் அம்மாள் ஒருவர், பக்கத்துத் தெருக்காரர்கள் இப்போது சூப்பர் மார்க்கெட்டுக்குத்தான் போகிறார்கள் என்றார். அதில் கோபம் இல்லை. என் கையில் ஒரு துண்டு ஊறுகாயைச் சாப்பிடக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

ஓன்னா என்ற இடத்தில் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. உலகெங்கிலுமிருந்து ஆராய்ச்சியாளர்கள் அங்கே வருகிறார்கள். அவர்களில் ஒரு தஞ்சாவூர்ப் பையன் எனக்குத் தெரிந்தவன். ஜப்பானிய மொழி நன்றாகப் பேசுவான். அவன்தான் காரோட்டி, மொழிபெயர்ப்பாளன், எல்லாமும்.

"அண்ணே, வழக்கமா எல்லாரும் மீன் காட்சியகம் பார்க்கணும்னுதான் கேப்பாங்க. கடை பார்க்கணும்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான்" என்று சொல்லிக்கொண்டே வண்டியை எடுத்தான்.

58-ம் எண் தேசிய நெடுஞ்சாலை விசித்திரமானது. ஜப்பானின் பெருநிலத்தைச் சேர்ந்த ககோஷிமாவில் தொடங்கி, கடலில் மூழ்கி, தீவுகளில் எழுந்து, மறுபடி மூழ்கி, நாஹாவில் முடிகிறது. கடல்வழியையும் சேர்த்து சுமார் 880 கிலோமீட்டர். ஒகினாவாத் தீவில் அது கரையேறும் ஊர் ஒக்கு. தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நாங்கள் போகும் சாலை, ஒரு மளிகைக் கடையின் ஊரில் போய்த் தொடங்குகிறது என்பதே எனக்கு மகிழ்ச்சி தந்தது.

வழியில் நாகோ. வடபகுதிக்கெல்லாம் இதுதான் பட்டணம். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள், ஏக்கர்கணக்கில் கார் நிறுத்துமிடம். ஒன்றுக்குள் நுழைந்தோம். சோயாவில் செய்யும் தோஃபுவை வைக்கும் இடத்தில், எந்தத் தயாரிப்பாளரின் தோஃபு எத்தனை மணிக்கு வரும் என்று எழுதி வைத்திருந்தார்கள். ஒகினாவாவில் தோஃபுவைச் சூடாக வாங்கிச் சூடாகச் சாப்பிடுவார்கள். ஆவி பறக்கும் பெரிய கட்டிகள் பையோடு வந்து இறங்கும். 1972-ல் அமெரிக்க ஆட்சியிலிருந்து ஒகினாவா ஜப்பானுக்குத் திரும்பியபோது ஜப்பானியச் சட்டம் குறுக்கே வந்தது: தோஃபுவைத் தண்ணீரில் குளிர வைத்துத்தான் விற்க வேண்டும். தோஃபு செய்கிறவர்களும் சாப்பிடுகிறவர்களும் விடவில்லை. 1974-ல் விதிவிலக்கு வாங்கினார்கள். 2021 ஜூனில் புதிய சுகாதார விதி வந்தது. சூடு 55 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மூன்று மணி நேரத்துக்குள் விற்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். விதி நியாயமானதுதான். ஆனால் தினமும் பல கடைகளுக்குத் தானே வண்டி ஓட்டிப்போய்ச் சரக்குப் போடும் சின்னத் தயாரிப்பாளருக்கு அந்த மூன்று மணி நேரம் பெரிய சுமை. ஒரு கடை மாறும்போது அதன் பெயர்ப்பலகை மட்டும் மாறுவதில்லை. அதற்குப் பின்னால் விடியற்காலையில் சோயா அரைத்துக்கொண்டிருக்கும் ஒரு குடும்பத்தின் வேலைநேரமும் மாறுகிறது. இதை நான் அங்கே, அந்த அட்டவணைக்கு முன்னால் நின்றபோதுதான் முழுதாக உணர்ந்தேன்.

நாகோவைத் தாண்டினால் இடப்பக்கம் கடல், வலப்பக்கம் மலை. கட்டடங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து காடு நெருங்கி வருகிறது. யன்பரு என்று இந்தப் பகுதிக்குப் பெயர். 2021-ல் யுனெஸ்கோ உலக இயற்கை மரபுச் சொத்தாக அறிவித்த காடுகளில் இதுவும் ஒன்று. பறக்கத் தெரியாத யன்பரு குயினா என்ற பறவை இங்கே மட்டும்தான் உண்டு; 1981-ல்தான் அறிவியல் உலகுக்கே அது அறிமுகமானது. பறவை சாலையைக் கடக்கும், மெதுவாகப் போ என்று திருப்பத்துக்குத் திருப்பம் பலகைகள். தம்பி மெதுவாகவே ஓட்டினான். எங்களுக்குக் காட்சி கிடைக்கவில்லை.

தீவு முடியும் ஹெதோ முனையில் இறங்கினோம். சுண்ணாம்புப் பாறைகளில் இரண்டு கடல்கள் வந்து மோதுகின்றன, மேற்கே கிழக்குச் சீனக் கடல், கிழக்கே பசிபிக். வடக்கே அடிவானத்தில் யோரோன் தீவு தெரிந்தது. 1953-ல் அந்தத் தீவு ஜப்பானிடம் திரும்பிப் போயிற்று. ஒகினாவா மட்டும் 1972 வரை அமெரிக்கர்களிடம் இருந்தது. நடுவில் இருந்த கடலில் ஒரு எல்லைக்கோடு. இரு கரையிலும் மக்கள் இரவில் தீ மூட்டி ஒருவருக்கொருவர் நாங்கள் இருக்கிறோம் என்று காட்டிக்கொண்டார்களாம். இந்த முனையிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் ஒக்கு.

ஒரு சிற்றாறு, அதன் இருபுறமும் வீடுகள், சுற்றிலும் மலை. தேயிலைத் தோட்டங்கள் உண்டு; ஜப்பானில் மார்ச் மாதமே புதுக்கொழுந்து பறிக்கிற மிகச் சில ஊர்களில் இது ஒன்று. கடை சாலையோரத்தில் இருக்கிறது. பக்கத்தில் பெட்ரோல் பம்ப், அதுவும் ஊருடையது. கடைக்கு அலங்காரம் எதுவும் இல்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளினால் இரும்பு அலமாரிகள். டின் அடைத்த பன்றி இறைச்சி வரிசையாக இருக்கிறது. அமெரிக்கப் படைகளோடு வந்து, ஒகினாவாச் சமையலறையை விட்டுப் போகாமல் தங்கிவிட்ட சரக்கு அது. டூனா டின், சோபா நூடுல்ஸ், கருப்புச் சர்க்கரை, அவமோரி மதுபாட்டில்கள், சலவைத்தூள், ரப்பர் பூட்ஸ், தோட்டக் கையுறை, தூண்டில் நரம்பு. ஒரு தட்டில் ஊரார் தோட்டத்துக் காய்கறிகள். இன்னொரு பக்கம் ஒக்குத் தேயிலைப் பொட்டலங்கள். வாசலில் ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்து பேசுவதை அவர்கள் யுந்தாக்கு என்கிறார்கள். கடைக்கு வருகிற பாதிப்பேர் அதற்காகத்தான் வருகிறார்கள் என்று தோன்றியது.

இந்தக் கடை பிறந்த கதை கேட்கத் தகுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வரை ஒகினாவாவில் நிலம் தனியாருடையதாக இல்லை. ஊர் சேர்ந்து வைத்திருக்கும், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். 1899-லிருந்து 1903 வரை ஜப்பானிய அரசு அதை மாற்றியது. நிலம் தனிச்சொத்தாயிற்று, வரியைப் பணமாகக் கட்ட வேண்டியதாயிற்று. யன்பருக்காரர்களிடம் பணம் எங்கே இருக்கிறது? காட்டில் விறகு இருந்தது, கரி இருந்தது. வெளியூர் வியாபாரிகள் விறகை அடிமாட்டு விலைக்கு வாங்கி, அரிசியையும் துணியையும் யானை விலைக்கு விற்றார்கள். கடன் ஏறினால் நிலம் கைமாறும். அந்தச் சமயத்தில்தான் ஊரிலேயே கடை வைத்திருந்த ஒருவர் தன் கடையை ஊருக்கே கொடுத்தார், ஊர் அதை எடுத்து நடத்தத் தொடங்கியது. அப்போது வண்டிப்பாதை கிடையாது. ஊருக்கே கப்பல் இருந்தது. விறகை ஏற்றிக்கொண்டு தெற்கே போகும், சரக்கோடு திரும்பும். லாபத்திலிருந்து தேயிலைத் தொழிற்சாலை வந்தது. படிக்கப் போகும் பிள்ளைக்கும் வைத்தியச் செலவுக்கும் கடை கடன் கொடுத்தது. காட்டுப்பன்றியைத் தடுக்க மலையைச் சுற்றிக் கல்வேலி கட்டியவர்கள் இந்த ஊரார். எதையும் சேர்ந்து செய்கிற கை அவர்களுக்கு ஏற்கெனவே இருந்தது. ஒக்குவைப் பார்த்து மற்ற ஊர்களும் தொடங்கின. ஒகினாவா முழுவதும், வடக்கே அமாமித் தீவுகளிலும், இப்படிப்பட்ட கூட்டுக்கடைகள் பரவின. இவற்றைக் கியோதோதென் என்று சொல்கிறார்கள்.

1945-ல் போர் வந்தபோது கடை நின்றது. போருக்குப் பின் மறுபடி தொடங்கினார்கள். முதலில் யென், பிறகு அமெரிக்கப் படை அச்சிட்ட பி-யென், 1958-லிருந்து டாலர், 1972-லிருந்து மறுபடி யென். ஒரே கல்லாப்பெட்டி இத்தனை பணத்தைப் பார்த்திருக்கிறது. ஆட்சி மாறியது, நாணயம் மாறியது, 1978-ல் வண்டிகள் ஓடும் பக்கம்கூட வலமிருந்து இடமாக மாறியது. கடை இருந்தது.

கல்லாவில் இருந்த பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். பெஞ்சில் ஒரு பாட்டி. தம்பி அவரை ஒபா என்று கூப்பிட்டு, நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று விளக்கினான். பாட்டி தன் பக்கத்தில் இடம் விட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"உங்க ஊர்லயும் இப்படிக் கடை உண்டா?" என்று கேட்டார்.

எனக்கு திருவல்லிக்கேணி நினைவுக்கு வந்தது. சென்னையில் 1904-ல் நடுத்தர வர்க்கத்தார் சிலர், இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்களின் வழியைப் பின்பற்றி ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கினார்கள். அதைச் சொன்னேன்.

"அப்படின்னா எங்களுக்கு ரெண்டு வயசு மூத்தது" என்றார் பாட்டி. "இன்னும் நடக்குதா?"

நடக்கிறது என்றேன். அவர் முகத்தில் வந்த சந்தோஷம் உண்மையானது. தூரத்துச் சொந்தம் ஒன்று சௌக்கியமாக இருக்கிறது என்று கேட்டவர்போல, கல்லாப் பெண்மணிக்கு அதைத் திரும்பச் சொன்னார்.

பிறகு அவர் பேசியது எல்லாம் நாகோவைப் பற்றி. மகன் அங்கே இருக்கிறான். வாரக்கடைசியில் கார் நிறைய வாங்கி வந்து குளிர்பெட்டியில் அடுக்கிவிட்டுப் போகிறான். "வேண்டாம்னா கோவிச்சுக்கிறான். அங்க மலிவாம். எனக்குத் தெரியாதா மலிவுன்னு? அதனால தோஃபுவும் முட்டையும் மட்டும் வாங்கி வராதேன்னு சொல்லிட்டேன். அதுக்கு நான் இங்க வரணும்."

இந்த வார்த்தையில் கூட்டுக்கடைகளின் இன்றைய நிலை மொத்தமும் இருக்கிறது. 1972-க்குப் பின் சாலைகள் அகலமாயின. 1975-ல் மோத்தோபுவில் நடந்த கடல் கண்காட்சிக்காக வடக்கே பெரிய அளவில் வேலைகள் நடந்தன. வீட்டுக்கு வீடு கார் வந்தது. 1987-ல் ஃபேமிலிமார்ட் என்ற சங்கிலிக்கடை ஒகினாவாவுக்குள் நுழைந்தது. 2019 ஜூலையில் செவன்-இலெவனும் வந்தது, ஜப்பானின் 47 மாகாணங்களில் அது கடைசியாக வந்த மாகாணம் இதுதான். ஒக்குவுக்கு அவை எதுவும் வரவில்லை. வரவேண்டிய தேவையும் இல்லை. சாலை ஊராரை அவற்றிடம் கொண்டுபோகிறது. பெருவாரியான சாமான் நாகோவில், மறந்துபோன உப்பும் தீர்ந்துபோன எண்ணெயும் ஊர்க்கடையில். இப்படி ஒரு கடை எத்தனை நாள் நிற்க முடியும்? யன்பருவிலும் பிற தீவுகளிலும் பல கூட்டுக்கடைகள் மூடிவிட்டன. சில ஊர்கள் கடையைக் குத்தகைக்கு விட்டிருக்கின்றன. எடுத்து நடத்துபவர் ஊருக்கு வாடகை கட்டுவார், சில இடங்களில் அவர் ஜப்பானின் பெருநிலத்திலிருந்து குடிவந்தவராகவும் இருப்பார்.

சாதாரணமாக ஒரு ஊர் தன் கடையை இழக்கும்போது யாரோ ஒரு முதலாளியைக் குறை சொல்லலாம். பெரிய நிறுவனத்தைத் திட்டலாம். ஒக்குவில் அது முடியாது. நாகோவிலிருந்து பெட்டி இறக்குகிறவரும் பங்குதாரர், நட்டக் கணக்கை ஊர்க்கூட்டத்தில் கேட்பவரும் அவரே. இது கடினமான நிலை. ஆனால் இதுதான் நேர்மையான நிலை என்று நினைக்கிறேன். தோஃபுவும் முட்டையும் இங்கேதான் என்று அந்தப் பாட்டி முடிவெடுத்ததற்குக் காரணம் விலையுமல்ல, பழக்கமுமல்ல. அது அவருடைய கடை. அது நடக்க வேண்டும், தானும் தினமும் நடந்து வர வேண்டும். ஒருநாள் அவர் வரவில்லை என்றால் கல்லாப் பெண்மணி மதியத்துக்குள் ஆள் அனுப்புவார். இந்தச் சேவைக்கு எந்த சூப்பர் மார்க்கெட் பில்லிலும் விலை இல்லை.

சிறு கடைகள் எத்தனை நாள் நிற்கும் என்ற கேள்வி ஜப்பான் முழுக்க இப்போது பெரிதாகியிருக்கிறது. பெரிய அங்காடிகளைக் கட்டுப்படுத்திச் சிறு வியாபாரிகளைக் காத்த ஒரு சட்டம் 1974-லிருந்து அங்கே இருந்தது. அமெரிக்காவின் வர்த்தக நெருக்குதல் அதைத் தளர்த்தியது, 2000-ல் சட்டமே போயிற்று. பல ஊர்களின் கடைவீதிகள் ஷட்டர் இறக்கிய வீதிகளாயின. ஜப்பானிய வேளாண் அமைச்சகத்தின் 2020-ம் ஆண்டுக் கணக்கு ஒன்று என்னைத் திடுக்கிட வைத்தது. கடை 500 மீட்டருக்கு அப்பால், ஓட்டிப் போகக் காரும் இல்லை என்ற நிலையில் இருக்கும் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் 90 லட்சத்துக்கும் அதிகம். முதியவர்களில் நாலில் ஒருவர். உலகத்திலேயே கடைகள் நெருக்கமாக இருக்கும் நாடு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் நாட்டில்!

அதற்கும் ஊர்கள் சும்மா இருக்கவில்லை. தோகுஷிமா மாகாணத்தில் 2012-ல் தோகுஷிமாரு என்ற நடமாடும் கடை தொடங்கியது. சின்ன டிரக் நிறையச் சாமான், பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டு வாசலுக்கு வரும். உள்ளூர் சூப்பர் மார்க்கெட்டின் சரக்குத்தான். தொடங்கியபோது ஒவ்வொரு பொருளுக்கும் 10 யென் கூடுதலாக வாங்கினார்கள். வண்டி ஓட்டுகிறவரும் சூப்பர் மார்க்கெட்டும் மட்டும் சுமக்காமல் வாங்குகிறவரும் கொஞ்சம் சுமக்கட்டும் என்ற ஏற்பாடு. முதியவர்கள் அந்தப் பத்து யென்னைக் கொடுத்தார்கள். இன்று நாடு முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன. இதைப் பற்றி ஒக்குப் பாட்டியிடம் கேட்டேன். நல்ல விஷயம், ஆனால் வண்டி போய்விடுமே, பெஞ்சு போகாதே என்றார்.

நான் தேயிலைப் பொட்டலமும் கருப்புச் சர்க்கரையும் எடுத்துக்கொண்டேன். ஊர்க்காரர் ஒருவர் வந்து பீர் இரண்டு டின் எடுத்தார். பணம் கொடுக்கவில்லை, கல்லாப் பெண்மணி நோட்டில் எழுதிக்கொண்டார். டேங்க் பாதிக்கு மேல் இருந்தும் தம்பி ஊர்ப் பம்பிலேயே பெட்ரோல் போட்டான். "இங்க போட்டா ஊருக்குப் போகும்ணே" என்றான். அவன்மேல் எனக்கிருந்த பிரியம் அப்போது இன்னும் கொஞ்சம் கூடியது.

கிளம்பும்போது பாட்டி அவனைக் கூப்பிட்டு நெடுநேரம் ஏதோ சொன்னார். காரில் ஏறிய பிறகு என்னவென்று கேட்டேன்.

"இப்ப கடை பார்க்கிறவங்களுக்கு அப்புறம் யார்னு தெரியலையாம்ணே. ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் வயசாளிங்க. உங்க யூனிவர்சிட்டியில யாராவது குடும்பத்தோட இங்க வந்து இருப்பாங்களான்னு கேக்கறாங்க. வீடு ஊர் பார்த்துக் கொடுக்குமாம். கணக்கு எழுதத் தெரிஞ்சா போதும், மத்ததை அவங்க சொல்லித் தர்றாங்களாம்."

"நீ என்ன சொன்னே?"

"விசாரிக்கறேன்னு சொன்னேன்" என்றான். நாகோ வரும்வரை, பல்கலைக்கழகத்தில் யார் யாருக்கு ஜப்பானிய மொழி தெரியும், யாருக்கு ஒப்பந்தம் முடியப்போகிறது என்று ஒவ்வொருவராக எண்ணிக்கொண்டே வந்தான்.